ஆர்க்டிக் வட்டத்தைச் சன்னலில் பிடித்தல்: ஓர் ஆய்வு

ஆர்க்டிக் வட்டப் படம் என்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை, ஓடுகிற ரயிலின் சன்னல் வழியே, குடும்பமே மேலே சாய்ந்து நிற்க, ஒருவர் எடுக்கும் புகைப்படம். இதில் மூன்று வகை உண்டு. கண்ணாடியில் ஃபிளாஷ் தெறித்தது முதல் வகை. பாட்டியின் தோள் மட்டும் தெளிவாக விழுந்தது இரண்டாம் வகை. அடையாளக் கல் கடந்துபோன பிறகு எடுத்த வெறும் புல்வெளி மூன்றாம் வகை. காலங்காலமாகக் கேலிக்கு ஆளாவது மூன்றாம் வகைதான். அந்தக் கேலிக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதே இந்த ஆய்வின் துணிபு.

களம், நார்வேயின் நூர்லான் இருப்புப்பாதை. ட்ரோன்ஹெய்மில் தொடங்கி போடோவில் முடியும் 729 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ 10 மணி நேரம். துண்டு துண்டாகப் போடப்பட்டு, 1962இல்தான் போடோவை எட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் சோவியத், யூகோஸ்லாவியப் போர்க்கைதிகளைக் கொண்டு வடபகுதியில் வேலை வாங்கினார்கள். பலர் அங்கேயே மாண்டார்கள். விளையாட்டாக எழுதுகிற ஆய்வும் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தியாக வேண்டும்.

இருக்கைக் கோட்பாடு எளியது. வடக்கே போகும்போது இடப்பக்கம் உட்கார வேண்டும். ட்ரோன்ஹெய்ம் ஃபியோர்டும், கடைசியில் ஃபௌஸ்கெயிலிருந்து போடோ வரையிலான கடல்நீரும் அந்தப் பக்கம்தான். கோட்பாடு தெரிந்த குடும்பத்திலும் சன்னலோரம் கிடைப்பது, ஏறியதும் தூங்கிவிடுகிறவருக்கே. பிள்ளைகள் விளையாட்டு மூலை இருக்கும் குடும்பப் பெட்டிக்கு ஓடிவிடுவார்கள். அங்கே ஃபியோர்டை யாரும் தேடுவதில்லை.

உணவுப் பொட்டலத்துக்கும் தனி ஆய்வு வேண்டும். நார்வேக்காரர்கள் அதை ‘மாட்பாக்கே’ என்பார்கள். ரொட்டித் துண்டு, அதன்மேல் இழைப்புளி போன்ற ஒரு கருவியால் மெல்லிசாகச் சீவிய பழுப்புப் பாலாடைக்கட்டி, துண்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இடையிடையே ஒரு காகிதம். அந்தக் கட்டி, மோர்த்தெளிவைப் பாலின் சர்க்கரை பழுப்பாகும் வரை சுண்டக் காய்ச்சியது. நாக்குக்குப் பால்கோவாவின் தூரத்து உறவு. மதியத்துக்கென்று கட்டியது முதல் மணி நேரத்திலேயே திறக்கப்படும். அந்தக் காகிதம் பத்தாவது மணியில் யாரோ ஒருவரின் காலணியில் ஒட்டியிருக்கும்.

கைப்பேசிகள் முதலில் விழித்தெழுவது ஹெல் நிலையத்தில். ட்ரோன்ஹெய்முக்குச் சற்றே அப்பால் உள்ள சிற்றூர் அது. பெயர்ப்பலகை ஆங்கிலம் அறிந்தவருக்கு நரகம். நார்வேஜிய மொழியில் அதே சொல்லுக்கு அதிர்ஷ்டம் என்றும் பொருள். இங்கே படம் பிசகுவதில்லை, பலகை அசையாமல் நிற்பதால்.

மோ இ ரானாவைத் தாண்டி, மரங்கள் குட்டையாகி, பின் இல்லாமலேயே போக, ரயில் சால்ட்ஃபியெல் மேட்டுநிலத்தில் 680 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. இங்கேதான் வட்டம் வருகிறது. கோடை உச்சநாளில் சூரியன் மறையாத பகுதி இங்கிருந்து தொடங்குகிறது. பாதையோரத்தில் கற்களை அடுக்கி அடையாளம் வைத்திருக்கிறார்கள். “இதோ!” என்று ஒருவர் கத்த, தூங்கியவர் எழ, அப்பா கைப்பேசியின் பூட்டைத் திறக்க, கல் போய்விடுகிறது. அப்பா சளைக்காமல் அழுத்துகிறார். மூன்றாம் வகைப் படம் பிறக்கிறது.

இனி நிறுவல். பூமியின் அச்சுச் சாய்வு மெல்லக் குறைந்துவருவதால், ஆர்க்டிக் வட்டம் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 14.5 மீட்டர் வடக்கே நகர்கிறது. கல் நட்ட அன்று மிகச் சரியாக இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், இன்று கோடு அதற்கு வடக்கே. ரயில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 25 மீட்டர். அப்பா மூன்று நொடி தாமதித்தால் 75 மீட்டர். அதாவது ஐந்தாண்டு நகர்வை அவர் திருத்திவிட்டார். கல்லைத் துல்லியமாகப் பிடித்த மருமகன் எடுத்ததோ, கோடு என்றோ இருந்த இடத்தின் படம்.

இதற்கு எழும் ஒரே ஆட்சேபம், அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்பது. ஆய்வு முறைப்படி அது செல்லாது. கணக்குச் சரியா என்பதுதான் கேள்வி, போட்டவர் யார் என்பதல்ல.

திரும்பி வரும்போது மட்டும் நிலைமை தலைகீழ். தெற்கு நோக்கி வரும் ரயில் முதலில் உண்மையான கோட்டைக் கடந்து, அதன் பிறகே கல்லை அடைகிறது. தாமதித்தவர் இருமடங்கு தவறுவார், அவசரப்பட்டவரே வெல்வார். ஆகவே இந்தப் பாதையில் பயணம் செய்யும் குடும்பங்கள், போகும்போது கைப்பேசியை அப்பாவிடமும், வரும்போது பொறுமையில்லாத கடைக்குட்டியிடமும் கொடுத்து வைக்கவும்.