ஆவி பிடித்த ஆசாமிகள்

படகில் அடுப்பை ஏற்றி, அடுப்பின் மேல் பாய்லரை ஏற்றி, துடுப்புப் போட ஆளே இல்லாமல் அதை ஓட வைத்துவிட வேண்டும் என்ற வெறி 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில பேரைப் பிடித்து ஆட்டியது. பிடித்தவர்களை அது லேசில் விடவில்லை. சொத்து போனது, சொந்தம் போனது, ஊரார் வாயில் புகுந்து புறப்பட்டார்கள். அப்படியும் பாய்லரை விட்டார்களா? மாட்டார்கள்.

பிரான்சில் ஜூஃப்ராய் என்று ஒரு பிரபு. வேட்டை, விருந்து, கடன் என்று கௌரவமாகக் கெட்டுப்போக வேண்டிய வம்சத்தில் பிறந்துவிட்டு, 1776-ல் பாய்லர் வைத்த படகைக் கொண்டுபோய் ஆற்றில் இறக்கினார். தண்ணீரில் அலட்டிக்கொள்ளாமல் போகிற ஜீவன் எது? வாத்து. ஆகவே படகுக்கும் வாத்துக்கால் வைத்தார். தள்ளும்போது விரியும், திரும்பும்போது மடங்கும் பலகைகள். வாத்துக்குப் பிறவியிலேயே வந்த அந்த வித்தை பலகைக்கு வரவில்லை. மனிதர் அசரவில்லை. 1783 ஜூலை 15 அன்று லியோன் நகரில், சோன் ஆற்றில், சக்கரம் பூட்டிய இன்னொரு படகை விட்டார். கால் மணி நேரம் நீரோட்டத்தை எதிர்த்துப் போனது. எஞ்சின் உதைத்த உதையில் படகின் மூட்டுகள் விட்டுப்போனதும் உண்மை. ஆனால் போனது போனதுதானே?

பாரீசில் இருந்த விஞ்ஞானக் கழகத்துக்கு அது போதவில்லை. லியோனில் ஓடினால் ஓடியதாக ஆகிவிடுமா, இங்கே வந்து சேன் நதியில் ஓட்டிக் காட்டட்டும் என்றார்கள். கரையில் நின்று வாயைப் பிளந்த ஊர் ஜனமெல்லாம் சாட்சியில் சேர்த்தியில்லை. இன்னொரு படகு கட்ட ஜூஃப்ராயிடம் காசும் இல்லை. சக பிரபுக்கள் அவருக்கு 'பம்ப்பு ஜூஃப்ராய்' என்று பெயர் வைத்ததோடு பிரெஞ்சுக்காரர்களின் கைங்கரியம் முடிந்தது.

ஆனால் இந்த வம்சத்துக்குக் குலதெய்வம் என்றால் அது அமெரிக்காவின் ஜான் ஃபிட்ச்தான். கடிகார வேலை கற்கப் போனார். முதல் முதலாளி வயல் வேலைக்கு அனுப்பினார். இரண்டாவது முதலாளி கடிகாரத்தைத் திறக்கும்போது பக்கத்திலேயே விடவில்லை. கல்யாணம் செய்துகொண்டார். 1769-ல் மனைவியையும் மகனையும் வயிற்றில் இருந்த பிள்ளையையும் விட்டுவிட்டு நடையைக் கட்டினார். இந்த ஒன்றுக்கு அவரை எத்தனை பாய்லர் கட்டினாலும் மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. பிறகு வெள்ளி வேலை, துப்பாக்கி ரிப்பேர், சுதந்திரப் போரில் வாஷிங்டனின் பட்டாளத்துக்கு பீர் வியாபாரம், மேற்கே போய் நில அளவை. 1782-ல் ஒஹையோ நதியில் போனவரைப் பூர்வகுடியினர் பிடித்து பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார்கள். கைதாகவும் இருந்து பார்த்தாயிற்று.

1785-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வயசு 42. கீல்வாதத்தோடு கோயிலிலிருந்து நொண்டி நொண்டி வருகிறார். பக்கத்தில் குதிரை வண்டி ஒன்று 'விர்'ரென்று தாண்டிப் போகிறது. குதிரைக்குப் பதில் ஆவி இழுத்தால் என்ன என்று பொறி தட்டியது. அந்த ஊர் ரோடுகளை நினைத்துப் பார்த்து, வண்டியைக் கைவிட்டுப் படகுக்கு மாறினார். உலகத்திலேயே ஆவி எஞ்சினைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்ற பூரிப்பில் படத்தை வரைந்து பாதிரியாரிடம் காட்டினார். பாதிரியார் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். அதில் இங்கிலாந்துக்காரர்கள் எப்போதோ கட்டி, சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எஞ்சினின் படம் சாவகாசமாகப் படுத்திருந்தது. நாமாக இருந்தால் அன்றைக்கே படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்போம். ஃபிட்ச் என்ன செய்தார் தெரியுமா? நில அளவையில் சேர்த்த குறிப்புகளை வைத்து மேற்குப் பிரதேசத்தின் வரைபடம் ஒன்றைத் தானே செதுக்கி, ஆப்பிள் பிழிகிற செக்கில் வைத்து அச்சடித்து, அதை விற்று எஞ்சினுக்குக் காசு சேர்த்தார்.

நன்கொடை கேட்டுப் பெரிய மனிதர்கள் வாசலை எல்லாம் மிதித்தார். தட்டிக் கொடுத்தவர்கள் உண்டு, கொட்டிக் கொடுத்தவர்கள் இல்லை. கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் பங்கு போட்டுக் கம்பெனி ஆரம்பித்தார். ஹென்றி வோய்ட் என்ற கடிகாரக்காரர் கூட்டுச் சேர்ந்தார். தங்கள் எஞ்சின்களை வெளிநாட்டுக்கு விடாமல் பிரிட்டன் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம். எஞ்சினைக் கண்ணால் பார்த்து அளவெடுக்க வழியில்லை. புத்தகத்தில் இருந்ததைப் பார்த்தும், இல்லாததை உத்தேசமாகவும் இரண்டு பேரும் உருட்டி, தட்டி, ஒழுகினால் மறுபடி தட்டினார்கள்.

1787 ஆகஸ்ட் 22. அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுத ஃபிலடெல்ஃபியாவில் கூடியிருந்த பிரதிநிதிகள் பலர் வேடிக்கை பார்க்க, டெலவேர் ஆற்றில் படகு கிளம்பியது. 45 அடி நீளம். பக்கத்துக்கு ஆறாக, நெட்டுக்குத்தாக நின்ற 12 துடுப்புகள். கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வலிக்கிற மாதிரி ஏறி இறங்கின. பிஸ்டன் முன்னும் பின்னும்தான் போகிறது, துடுப்பும் முன்னும் பின்னும்தான் போகிறது. நடுவில் சக்கரம் எதற்கு என்பது கணக்கு. கணக்கு சரிதான், வேகம்தான் இல்லை. பிரதிநிதிகள் பாராட்டுச் சொன்னார்கள். பணம்? அவர்கள் தேசம் கட்டுகிற வேலையில் இருந்தார்கள்.

அடுத்த வருஷம் 60 அடிப் படகு, இந்தத் தடவை துடுப்பு பின்பக்கம். 20 மைல் மேலே இருந்த பர்லிங்டனை நோக்கி ஜம்மென்று போனது. ஊர் கண்ணில் தெரிந்த நேரம் பாய்லர் ஒழுகியது. வந்த வழியே நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதற்குள் ஜேம்ஸ் ரம்ஸி என்று ஒரு போட்டியாளர். வர்ஜீனியாவில் விடுதி நடத்தியவர். ஜார்ஜ் வாஷிங்டனின் நற்சான்று அவர் சட்டைப்பையில் இருந்தது. முன்னால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்தால் படகு போகும் என்றார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அந்தக் கட்சிதான். யார் முதலில் என்று ஃபிட்சும் ரம்ஸியும் துண்டுப் பிரசுரம் போட்டுக் குழாயடிச் சண்டை போட்டார்கள். கடைசியில் தாமஸ் ஜெஃபர்சனும் இருந்த குழு 1791 ஆகஸ்ட் 26 அன்று இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பேடன்ட் கொடுத்து, இரண்டு பேர் வயிற்றிலும் சமமாக அடித்தது.

அந்தப் பேடன்ட் வருவதற்கு முந்தைய கோடையில்தான் அதிசயம் நடந்தது. 1790-ல் ஃபிட்சின் படகு பேப்பரில் விளம்பரம் கொடுத்து, நேரம் குறித்து, ஃபிலடெல்ஃபியாவுக்கும் டிரென்டனுக்கும் நடுவே டிக்கெட் போட்டு ஓடியது. பின்பக்கம் தண்ணீரை உதைத்தவை வாத்துக்கால் துடுப்புகள்! ஜூஃப்ராய் கைவிட்ட வாத்து அமெரிக்காவில் நீந்தியது. அளந்து பார்த்த ஒரு மைலில் வேகம் மணிக்கு 8 மைல். அந்த ஒரு சீசனில் 2,000 மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆனால் ஏற ஆள் இல்லை. கரையோரமாகவே நல்ல ரோடும் வேகமான குதிரை வண்டியும் இருக்கும்போது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக எவனுக்குத் தலையெழுத்து? தன் படகுக்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத ஆற்றைத் தேடிப் பிடித்தவர் ஃபிட்ச்.

கம்பெனி கலைந்தது. 1793-ல் படகு கட்டப் பிரான்சுக்குப் போனார். அங்கே புரட்சி, தலை எப்போது உருளுமோ என்று பயந்துகொண்டிருந்தவர்களிடம் பாய்லருக்குப் பணம் கேட்க முடியுமா? திரும்பி வந்து கென்டக்கியில் பார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஒதுங்கினார். விடுதிக்காரரோடு ஒப்பந்தம்: சாகிறவரை சாப்பாடும் தினம் ஒரு பைண்ட் விஸ்கியும், பதிலுக்கு 150 ஏக்கர். தாகம் தீரவில்லை. இன்னொரு 150 ஏக்கரைச் சேர்த்து இரண்டு பைண்டாக உயர்த்திக்கொண்டார்.

அப்போதுதான் நியூயார்க்கில் அந்த வேடிக்கை. அங்கே ஆவிப்படகு ஓட்டும் ஏகபோக உரிமையை 1787-லேயே ஃபிட்சுக்குக் கொடுத்திருந்தார்கள். ராபர்ட் லிவிங்ஸ்டன் என்ற பெரும் பண்ணையாருக்கு அது வேண்டியிருந்தது. 1798 மார்ச்சில் சட்டசபை, ஃபிட்ச் செத்துப்போயிருக்கலாம் அல்லது மாகாணத்தை விட்டே போயிருக்கலாம் என்று சொல்லி உரிமையை லிவிங்ஸ்டன் பெயருக்கு மாற்றியது. ஒரே நிபந்தனை: மணிக்கு 4 மைல் ஓட வேண்டும். ஃபிட்ச் எட்டில் ஓட்டி எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆள் கென்டக்கியில் உயிரோடுதான் இருந்தார். ஜூலையில், தூக்கத்துக்காக டாக்டர் கொடுத்த அபின் மாத்திரைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக விழுங்கி, சட்டசபையின் வாக்கை அவரே மெய்யாக்கினார்.

ஆவிப்படகு என்றதும் பாடப்புத்தகத்தில் வரும் ராபர்ட் ஃபுல்டன் 1780-களில் ஃபிலடெல்ஃபியாவில் சின்னச் சின்ன உருவப்படம் வரைந்து பிழைத்த இளைஞர். பிறகு பாரீசில் தூதராக இருந்த லிவிங்ஸ்டனோடு சேர்ந்தார். வாத்து, துடுப்பு, பம்ப்பு எதற்கும் ஆசைப்படவில்லை. இரண்டு பக்கமும் சக்கரம். எஞ்சினைச் சுயமாகத் தட்டிக்கொண்டு உட்காராமல் பர்மிங்காமின் போல்டன்-வாட் கம்பெனியில் ஆர்டர் கொடுத்து, பிரிட்டிஷ் அரசின் அனுமதியும் வாங்கி இறக்கினார். 1807 ஆகஸ்ட் 17 அன்று நியூயார்க்கில் கிளம்பிய படகு கொஞ்ச தூரத்திலேயே நின்றது. பயணிகள் முணுமுணுத்தார்கள், அரை மணி பொறுங்கள் என்று கீழே இறங்கி எதையோ சரி செய்தார். ஆல்பனி வரை 150 மைல், 32 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஐந்து மைல்கூட வராது. ஹட்சன் ஓரம் குதிரை வண்டிக்குச் சௌகரியமான ரோடு இல்லாததால் டிக்கெட் விற்றது. அடுத்த வருஷம் லிவிங்ஸ்டன் குடும்பத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டார். முறையாகப் படகு கட்டுவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபிட்ச் ஒரு சுயசரிதை எழுதி, முத்திரை வைத்து, முப்பது வருஷத்துக்கு யாரும் திறக்கக் கூடாது என்று ஃபிலடெல்ஃபியா நூலகத்தில் ஒப்படைத்திருந்தார். உள்ளே எல்லோருக்கும் அர்ச்சனை. நன்கொடை கேட்டுப் போனபோது ஃபிராங்க்ளின் ஐந்தோ ஆறோ டாலரை எடுத்து நீட்டினாராம். வாங்க மறுத்து வந்தது பெரிய காரியமில்லை, அந்தக் காசைக் காலில் போட்டு மிதிக்காமல் வந்ததுதான் என் வாழ்க்கையின் பெரிய தப்பு என்று புலம்பியிருக்கிறார். முத்திரையை உடைத்துப் படித்தபோது ஃபிராங்க்ளின் போய்ச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரம்ஸி, வோய்ட், லிவிங்ஸ்டன், ஃபுல்டன் என்று வரிசையாக எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். எதிர்ச் சண்டைக்கு ஒருத்தர் மிச்சமில்லை.