பூஜ்ய வருஷம்

கேள்வி: உலகம் முடியும் தேதியை வேதாகமத்தைக் கொண்டு கணக்கிட முடியுமா?

பதில்: தாராளமாகக் கணக்கிடலாம்; மறுநாள் காலையில் என்ன சொல்வது என்பதில்தான் சங்கடம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் விவசாயி, தானியேல் 8ஆம் அதிகாரத்தில் வரும் 2300 நாட்களை வருஷங்களாகப் பாவித்து, அர்தசஷ்டா அரசனின் கட்டளை பிறந்த கி.மு. 457இலிருந்து எண்ணி, கிறிஸ்து 1843 வாக்கில் திரும்பி வருவார் என்று பிரசங்கித்தார். கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் நடுவே பூஜ்ய வருஷம் கிடையாது என்பது பிற்பாடு தெரியவரவே, கணக்கில் ஒரு வருஷம் கூடிற்று. அவர் கூட்டத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ 1844 அக்டோபர் 22 என்று நாளையே நிச்சயித்துவிட்டார். விளைந்த பயிரைக்கூட அறுக்காமல் காத்திருந்தவர்களுக்கு, 23ஆம் தேதி வழக்கம்போல் விடிந்தது. அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. நம்பிக்கைக்காக ஒரு படி நெல்லை இழக்கவும் நம்மில் எத்தனை பேர் துணிவோம்?

அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று மாற்கு 13:32இல் இயேசுவே கூறியிருப்பதை மில்லர் அறியாதவரல்லர். நாளும் நாழிகையும்தானே மறைபொருள், வருஷத்துக்கு என்ன தடை என்பது அந்தக் கூட்டத்தாரின் வாதம். ஸ்னோ அந்த வேலியையும் தாண்டிவிட்டார்.