சந்து மேஸ்திரி

திருவல்லிக்கேணிச் சந்துகளில் மொட்டை மாடி ஒழுகினால் நல்ல கொத்தனார் கிடைத்தால் மட்டும் போதாது. சந்து மேஸ்திரி கிடைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர், வாசலில் 4 அடிச் சந்து என்றால்தான் அவருக்கு உற்சாகமே வரும். சுற்றிலும் இடம் விட்டுக் கட்டிய வீட்டைக் காட்டினால், "இங்க யார்கிட்டயும் பேசவே வேணாம் போலிருக்கே" என்று முகம் வாடிவிடுவார்.

ஏணியை 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி ஊன்ற வேண்டும். 24 அடி மாடிக்கு 6 அடி. சந்தே 4 அடிதான். எனவே மேலே போக வழி பக்கத்து வீட்டு மாடிப்படி.

அளவெடுக்க வந்தவர் டேப்பைத் தொடமாட்டார். நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். "மாமி, பெரியவருக்கு முட்டி வலி தேவலையா?" அந்தக் குடும்பத்தை அன்றுதான் பார்க்கிறார். முட்டி வலி இல்லாத பெரியவர் இந்தப் பேட்டையில் கிடையாது என்பது அனுபவம். வலிக்கு நல்லெண்ணெய் வைத்தியம் சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டு கைக்கு வந்துவிடும். அடுத்து, அவர்கள் மாடியில் செங்கல் ஜல்லி கொட்ட "ஒரு ஓரமா" கொஞ்சம் இடம். மறுநாள் மாமி வடாம் பிழியத் துணியோடு ஏறினால், மிச்சமிருப்பது நடுவில் ஒரு துண்டுதான்.

"ஓரமான்னுதானே சொன்னேள்?"

"எல்லா ஓரமும்தான் மாமி."

ஜல்லி லாரி ராத்திரி வந்து சந்து முனையோடு நின்றுவிடும். அங்கிருந்து சித்தாள்கள் வரிசையில் நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள். நடுவில் பால்காரர் சைக்கிள் வந்தால் வரிசை மொத்தமும் பல்லியாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

வேலையில் குறை சொல்ல முடியாது. பழைய தட்டோட்டைப் பெயர்த்து, ஜல்லியும் சுண்ணாம்பும் 3 அங்குலம் போட்டுக் கட்டையால் அடித்து, புது ஓடு பதித்து, மழைத்தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வாட்டம் வைப்பதில் கெட்டிக்காரர். கடுக்காய், வெல்லத் தண்ணீர் என்று பில்லில் ஒரு வரி இருக்கும். வெல்லம் வந்ததா என்பதை எறும்பிடம்தான் விசாரிக்க வேண்டும்.

கடைசி நாள் பார்த்தால் மாமி மாடியின் விரிசலெல்லாம் அடைபட்டிருக்கிறது.

"யார் வீட்டுச் சுண்ணாம்பு, மேஸ்திரி?"

"உங்களுதுதான் சார். பங்குனியில அவங்க மாடி முழுசும் என்கிட்ட குடுத்துட்டாங்க. உங்க மாடி ஓரம் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."