அப்பத்தாவின் இரண்டு துண்டு

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். குலசாமிக்குக் கிடா வெட்டினால் அன்றைக்குக் கறிக்குழம்பு, மறுநாள் உப்புக்கண்டம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாத காலம். மிஞ்சிய கறியை அப்பத்தா நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசறி, நூலில் கோத்து மாடிக் கொடியில் காயப்போடுவாள். காக்காய் ஓட்டுவது என் வேலை. நாலைந்து வெயில் பட்டுச் சுக்காகக் காய்ந்ததும் பானைக்குள் போய்விடும். அடைமழை நாளில் நல்லெண்ணெயில் பொரித்து, ரசச் சோற்றுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு வைப்பாள். மூன்றாவது கேட்டால், "போதும்டா, உப்பு ஆளைத் தின்னுரும்" என்பாள்.

இன்று எனக்கு 61 வயது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து சிறுநீரகத்தை நான்காம் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. டாக்டர் சொன்ன அன்றே உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் விட்டேன். பிறகு சென்னையில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கினேன். காலையில் பேரனோடு உட்கார்ந்து சிக்கன் சாசேஜ் சாப்பிடுவது வழக்கமாயிற்று. வாயில் உப்புக் கரிக்காததால் சந்தேகமே வரவில்லை. ஊர் திரும்பும்போது கணுக்கால் வீங்கியிருந்தது. ரத்தத்தில் பாஸ்பரஸும் ஏறியிருந்தது.

டயட்டீஷியன் அந்தச் சாசேஜ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாளைக்கு சோடியம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. உப்புக் கணக்கில் அது 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சாசேஜில் உப்போடு சோடியம் நைட்ரைட்டும் உண்டு, அதன் எண் 250. 450, 451, 452 என்ற எண்கள் பாஸ்பேட்டைக் குறிப்பவை. கறியில் ஈரம் நிற்பதற்காகச் சேர்ப்பது அது. கறியில் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும். இப்படிச் சேர்க்கும் பாஸ்பேட்டோ பெரும்பகுதி ரத்தத்தில் கலந்துவிடும். பழுதான சிறுநீரகத்தால் அதை முழுதாக வெளியேற்ற முடியாது. நாளடைவில் எலும்பு வலுவிழக்கும், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும். பாக்கெட்டில் சோடியத்தின் அளவு போட்டிருந்தது, பாஸ்பரஸின் அளவு இல்லை. எண்களைத் தெரிந்துவைத்திருந்தால்தான் பிடிபடும்.

சாதா உப்புக்குப் பதிலாக 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கலாமா என்று கேட்டேன். அதில் பொட்டாசியம் இருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்று தடுத்தார்.

உப்புக்கண்டத்தின் உப்பு நாக்குக்குத் தெரிந்தது. அதனால்தான் அப்பத்தாவால் அளந்து வைக்க முடிந்தது. சாசேஜின் உப்பு நாக்கை ஏமாற்றிவிடுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ருசியை நம்பாதீர்கள். கடையிலேயே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் மனம் கேட்காது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் புதுக்கறி. சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் தூக்கலாக, உப்புப் பேருக்கு. புரதத்துக்கும் அளவு உண்டு என்பதால் என் மனைவி எண்ணித்தான் வைக்கிறாள், இரண்டு துண்டு. மூன்றாவதை நான் கேட்பதில்லை.