டிகர் விளையாட்டின் மூலபாடம்: ஓர் ஆராய்ச்சி

பழைய டாஸ் விளையாட்டுகளை வீட்டு ஆர்கேட் பெட்டியில் ஓட்டுவதைப் பொழுதுபோக்கு என்பவர் பதிப்பியல் அறியாதவர். செல்லரித்த ஏட்டிலுள்ளதை அச்சேற்றுவதும் பூஞ்சணம் பிடித்த பிளாப்பியிலுள்ளதைத் திரையேற்றுவதும் ஒரே தொழில். 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டிக்கு அயலில், எங்கள் வீட்டு விறாந்தையில், இப்பணி தொடர்வது மரபு வழிப்பட்டதே.

முதற்கண் காலவரையறை. பிரின்ஸ் ஆப் பெர்சியா டாஸுக்கு வந்தது 1990இல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் நின்றதும் அதே ஆண்டில். இளவரசியை மீட்க அறுபது நிமிடம் என்று உலகமே ஓடிக்கொண்டிருக்க, இங்கே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோச் செய்தி கேட்டார்கள். 2002இல் குடாநாட்டுக்கான ஏ-9 வீதி மீண்டும் திறந்தது. பழைய டாஸ் விளையாட்டுகளைப் புதுக் கம்பியூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் வெளியானதும் அதே 2002இல். இதைத் தற்செயல் என்போருக்கு மறுப்புரை தனி நூலாக வரும்.

இளவரசன் கதையில் உரையாசிரியரின் இன்றியமையாமையும் விளங்கும். முதற்கட்டம் முடிந்ததும் எழுத்துப் பொறித்த குப்பிகள் நிற்கும். கையேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதலெழுத்து எதுவோ அந்தக் குப்பியையே குடிக்க வேண்டும். மாறிக் குடித்தால் உயிருக்கு ஆபத்து. களவுப் பிரதியில் கையேடு ஏது? உரையின்றி மூலத்தைத் தொட்டவன் கதி இதுவென்று நச்சினார்க்கினியர்கூட இத்தனை கடுமையாகச் சொன்னதில்லை.

இனி நம் பொருள். கனடாவின் விண்ட்மில் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிகர், 4.77 மெகாஹேர்ட்ஸ் ஐபிஎம் கம்பியூட்டரை நம்பிப் பிறந்தது. இயந்திரம் வேகமானால் விளையாட்டும் வேகமாகும். பிற்காலக் கம்பியூட்டர்களில் அது தலைதெறிக்க ஓடவே, ஆண்ட்ரூ ஜென்னர் என்பவர் அதன் உள்ளுறுப்புகளைப் பிரித்துப் படித்து 1998இல் திருத்திய பதிப்பு வெளியிட்டார். டாஸ்பாக்ஸிலோ கன்ட்ரோலுடன் எஃப்12 அழுத்தினால் வேகம் கூடும், எஃப்11 அழுத்தினால் குறையும். எந்த வேகம் மூலபாடம்?

கனடாவிலிருந்து வந்து நிற்கும் மாமா, "தம்பி, இது சரிவராது. நாங்கள் விளையாடேக்க இப்பிடிப் பறக்கேல்லை" என்கிறார். பென்டியத்தில் பழகிய மச்சான், "மாமா, உங்கட ஆள் நித்திரை கொள்ளுறார்" என்கிறான். இருவரும் கண்கண்ட சாட்சிகள். இருவர் கையிலும் ஏடில்லை, ஞாபகமே உண்டு. பாடபேதம் இங்ஙனமே பிறக்கிறது.

பெட்டியின் புறவுறுப்புகள் பற்றிச் சிறிது. ஆர்கேட் பெட்டிக்குக் கீபோட் இல்லை. டிகரில் சுடுவது எஃப்1. டேஞ்சரஸ் டேவ் என்ற விளையாட்டில் சுடுவது கன்ட்ரோல், பறப்பது ஆல்ட். ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் பொத்தான்களை வேறுவேறாகப் பொருத்தித் தர வேண்டும். நாலுக்கு மூன்று என்ற பழைய அளவில் காட்ட வேண்டிய படத்தை அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டால், டேவ் கலியாணம் முடித்து ஆறு மாதமான மாப்பிள்ளைபோல் ஊதித் தெரிவார். இருபக்கமும் கறுப்புப் பட்டை விடுவதே முறை. மாமி மட்டும், காசு குடுத்து வாங்கின திரையை ஏன் மறைக்கிறாய் என்று கேட்கிறார். பலகை வெட்டிய ஓடாவியார், "இது சுவாமி அலுமாரியோ, வாக்குப் பெட்டியோ?" என்று எழுப்பிய வினா வகைப்பாட்டியலுக்குரியது. அதை ஒத்திவைக்கிறோம்.

வேகத்துக்கென இரு பொத்தான்களைப் பக்கவாட்டில் பதித்தோம். அதுவே பிழையாயிற்று. மாமா குறைக்க, மச்சான் கூட்ட, இடையில் டிகர் ஒருபோதும் யாரும் கண்டிராத வேகங்களிலெல்லாம் தோண்டினார். இப்போது மாமா சொன்ன வேகமே மூலபாடமென்று சபை ஏற்றுள்ளது. அவருடைய ரிக்கற் அடுத்த கிழமைக்கு. இரண்டாம் பதிப்புக்கான வேலையை மச்சான் தொடங்கிவிட்டான்.