ஹிஸ்டோகிராம் அண்ணன்

டெல்டாவில் ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். நீடாமங்கலத்தில் இருப்பவருக்கு ஹிஸ்டோகிராம் அண்ணன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வேலை கூட்டுறவு வங்கியிலோ உரக்கடையிலோ பள்ளிக்கூடத்திலோ இருக்கும். உயிர் இருப்பது கேமராப் பையில். மனிதர்களைப் படம் எடுக்கமாட்டார். "மனுஷன் போஸ் கொடுப்பான், அதுல என்னய்யா இருக்கு?" என்பார். பூ, பறவை, நாற்றங்கால் எல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. அவருக்குக் குதிரைதான்.

அதற்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. குதிரையேறி வந்த மராட்டியர் 1855 வரை தஞ்சாவூரை ஆண்டார்கள். நீடாமங்கலத்திலேயே பிரதாபசிங் மன்னரின் ராணி யமுனாம்பாள் பெயரில் சத்திரம் உண்டு. குதிரைப்படை போய்ப் பொய்க்கால் குதிரை மிஞ்சியது. மன்னார்குடி ராஜகோபாலசுவாமி பங்குனி உற்சவத்தில் வெட்டுங்குதிரை வாகனம் புறப்பாடு ஆகும். இதெல்லாம் அண்ணனுக்கு ஆகாது. "காது அசையாத குதிரையை எடுத்து என்ன பண்றது?" ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய், காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து சந்திக்கிற மார்வாரிக் குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்தால் ஆவணி முழுக்கக் காதைப் பற்றியே பேசுவார்.

கோடிக்கரைக்கும் போவார். அங்கே சரணாலயத்தில் வெளிமானோடு, எந்தக் காலத்திலோ அவிழ்த்துவிடப்பட்ட மட்டக்குதிரைகளின் வம்சம் காட்டுக்குதிரையாகத் திரிகிறது. உச்சி வெயில், பளபளவென்று உவர்நிலம், நடுவில் பழுப்புக் குதிரை. கேமராவுக்கு ஒரு குணம்: எதைக் காட்டினாலும் சராசரியாகச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து மொத்தப் படத்தையும் அது இருட்டாக்க, குதிரை கரிக்கட்டையாக வந்தது. வீட்டில், "குதிரை எங்கே?" என்று கேட்டார்கள். "இதுக்குப் பேரு சில்ஹவுட்" என்றார். தப்பிப்போன படம் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருக்கிறது. வெளிறிப்போனால் 'ஹை கீ'. கலங்கிப்போனால் 'மூவ்மென்ட்'.

ஆனால் அவர் யோக்கியதை தெரிவது மாப்பிள்ளை அழைப்பில்தான். வாடகைக்கு வருவது பெரும்பாலும் வெள்ளைக் குதிரை. மேலே கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளை. பின்னால் நாலரை மணி வெயில். கோட்டின் மடிப்பு தெரிய வெளிச்சம் கூட்டினால் குதிரை சுண்ணாம்புச் சுவராகிறது. குதிரையின் ரோமம் தெரியக் குறைத்தால் மாப்பிள்ளை தலை மட்டும் ஆகாயத்தில் தொங்குகிறது. அண்ணன் கேமராத் திரையில், படத்தின் இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் காட்டி மலைபோல் எழுந்த ஹிஸ்டோகிராமைப் பார்த்து, "வலது பக்கம் முட்டுது, முட்டுது" என்பார். மாமனார் பதறிப்போய் வலது பக்கம் பார்ப்பார்.

இதில் அவர் சொல்வது சரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டலில் இருட்டுக்குள் போனதை ஓரளவு மீட்கலாம். சுத்தமாக வெளுத்துப்போனதை மீட்கவே முடியாது. ஆகவே வெள்ளைக் குதிரைக்குத்தான் அளவு வைக்க வேண்டும், கோட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முடிந்தால் இரண்டையும் மண்டபத்துப் போர்ட்டிகோ நிழலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சகலமும் தெரிந்த அண்ணனுக்குத் தெரியாத ஒரே விஷயம் குதிரை.

ஒரு கல்யாணத்தில், "உள்ள ஓட்டுங்கய்யா, நிழலுக்கு!" என்றார். குதிரை நிழல் விளிம்பில் வந்து நின்றுவிட்டது.

"அதுக்குக் கண்ணு பழகணும்ணே, செத்த பொறுங்க" என்றார் குதிரைக்காரர்.

உண்மைதான். வெயிலிலிருந்து இருட்டுக்குப் பழகக் குதிரைக் கண்ணுக்கு நம்மைவிட நேரம் பிடிக்கும். கேமராவுக்கும் குதிரைக்கும் ஒரே சங்கடம். அண்ணன் கேமராவுக்கு மட்டும் இரக்கப்பட்டார். போதாக்குறைக்கு நேரே நெற்றிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். குதிரைக்குக் கண் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் கீழே வந்தவர் கண்ணில் படமாட்டார். பக்கத்தில் போய் அகன்ற லென்சில் எடுத்ததால் மூக்கு மட்டும் பூசணிக்காயாக வந்தது.

"மைபிரிட்ஜ்னு ஒருத்தர், 1878-ல கலிஃபோர்னியாவுல, வெள்ளைத் திரை கட்டிப் பன்னிரண்டு கேமரா வச்சு ஓடுற குதிரையையே எடுத்தாரு. நாலு காலும் தரையை விட்டு எழும்புதுன்னு நிரூபிச்சாரு, தெரியுமா?"

"அங்க குதிரை மேல பந்தயக்காரன் இருந்திருப்பான்ணே. இங்க மாப்பிள்ளை இருக்காரு. நாலு காலும் தரையிலயே இருக்கட்டும்."

ஊர்வலம் நகர்ந்தது. ரயில்வே கேட்டு போட்டுவிட்டான். நீடாமங்கலத்துக் கேட்டு போட்டால் எப்போது திறப்பான் என்று ஜோசியரும் சொல்லமாட்டார். மன்னார்குடி வண்டியும் வரும், நெல் ஏற்றிய கூட்ஸும் முன்னே பின்னே போகும். பஸ்காரர் இன்ஜினை அணைத்தார், மேளக்காரர் டீக்கடைக்குப் போனார், மாப்பிள்ளை போனை எடுத்தார். வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கியது. குதிரை அசையாமல் நின்றது. குதிரைக்காரர் மடியிலிருந்து கொள்ளுப் பையை எடுத்து ஒருமுறை சரசரவென்று கசக்கினார். இரண்டு காதும் ஒன்றாக முன்னால் நிமிர்ந்தன. கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி. ரோமம் தெரிந்தது, கோட்டின் பொத்தான் தெரிந்தது.

அண்ணன் அப்போது பையில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். படத்தை எடுத்தது பெண்ணின் தம்பி, செல்போனில். கல்யாண ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அதுதான். "செல்போன் தானா எல்லாத்தையும் சரிபண்ணிடுது, அதுல கலை எங்க இருக்கு?" என்று அண்ணன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் குதிரை பேசியிருந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். வெயில் தாழ்ந்து கிளம்புங்கள். கறுப்புக் கோட்டு வேண்டாம், பட்டு வேட்டி போதும். மூஞ்சிக்கு நேரே பிளாஷ் அடிக்க யாரையும் விடாதீர்கள், குதிரை மிரளும். குதிரைக்காரருக்குப் பேசியதற்கு மேல் நூறு ரூபாய் கொடுங்கள். அண்ணனுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியதில்லை. குதிரை வருகிறது என்று தெரிந்தால் அவரே வந்துவிடுவார்.