தூக்கம் வராத புத்தகங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

"கதை கிதை வேண்டாம்டா. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கணும், ஆனா படிச்சா தூக்கம் வரக்கூடாது. அப்படி நாலு இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தனுப்பு" என்று போனில் உத்தரவு போட்டீர்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தை வருஷம் தவறாமல் படிக்கிற ஆளுக்குப் புத்தகம் தேடுவதைவிட அத்தைக்குப் புடவை எடுத்துவிடலாம்.

புத்தகத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கடைத்தெருவுக்குக் கடைத்தெரு சாரிட்டி ஷாப் இருக்கிறது. யாரோ போட்டுக் கழித்த கோட்டு, ஓடாத கடிகாரம், மூக்குடைந்த பீங்கான் நாய் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு அலமாரி நிறையப் புத்தகம், ஒன்றோ இரண்டோ பவுண்டு. கல்லாவில் சம்பளம் வாங்காத ஒரு பாட்டி. மழையைத் தவிர வேறெதையும் பேசாத ஜனங்கள் இவர்கள். ஆனால் கையில் புத்தகத்தை எடுத்துவிட்டீர்களோ, பாட்டி வாயைத் திறந்துவிடுவார். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்கிற ரகப் புத்தகத்தை ஒருநாள் எடுத்தேன். "அதை வாங்குகிறவர்கள் எல்லாரும் திருப்பி இங்கேதான் கொண்டுவந்து போடுகிறார்கள்" என்றார். வைத்துவிட்டேன். நாலரைக்கே எழுந்திருக்கிற உங்களுக்கு அது எதற்கு?

முதல் புத்தகம் ஸ்டீவன் ஜான்சன் எழுதிய 'தி கோஸ்ட் மேப்'. 1854-இல் இந்த ஊரில் சோஹோ பக்கம் பிராட் தெருவில் காலரா வந்து அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்களே சத்தியம் பண்ணிய காலம். ஜான் ஸ்னோ என்கிற ஒரு டாக்டர் மட்டும், தண்ணீர்தான் என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கிறார். செத்தவர்களில் அநேகமாக எல்லாரும் அந்தத் தெரு அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். பக்கத்திலேயே இருந்த மதுவடிசாலையில் எழுபது பேர் வேலை பார்த்தும் ஒரு சாவுகூட இல்லை. அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, கம்பெனி பீர்தான்! (இந்தப் பக்கத்தை மட்டும் நம்ம சின்ன மாமா கண்ணில் காட்டாதீர்கள்.) ரொம்ப தூரம் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவைக்கும் காலரா. எப்படி? முன்பு குடியிருந்த தெருவின் தண்ணீர் ருசிதான் வேண்டும் என்று அந்த அம்மாள் தினமும் வரவழைத்துக் குடித்திருக்கிறார். படித்தபோது பகீரென்றது, மாமா. கும்பகோணத்துக் காபிப் பொடியை இங்கே வரவழைத்துக் குடிக்கிறவன்தானே நானும்!

பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்லி ஜெயித்தார் ஸ்னோ. அதே இடத்தில் இப்போது கைப்பிடி இல்லாத நகல் பம்பு ஒன்று நிற்கிறது. பக்கத்தில் ஜான் ஸ்னோ பேரில் ஒரு மதுக்கடை. அந்த மனுஷர் மதுவிலக்குக்காரர்! இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. ரயிலில் இதைப் பிரித்தபோது அட்டையில் கொள்ளைநோய் என்று பார்த்ததும் பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். சாயங்கால டிஸ்ட்ரிக்ட் லைன் கூட்டத்தில் அது லேசில் கிடைக்காத பாக்கியம்.

அடுத்தது டாவா சோபெல் எழுதிய 'லாஞ்சிட்யூட்'. சின்னப் புத்தகம். கருவூலத்தில் முப்பது வருஷம் இருந்த நீங்கள் ரசித்துப் படிப்பீர்கள். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று சொல்கிறவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று 1714-இல் பார்லிமெண்ட் சட்டம் போட்டது. ஜான் ஹாரிசன் என்கிற தச்சர் மகன், நேரத்தை வைத்து அதைக் கணக்கிடலாம் என்று, கப்பல் ஆட்டத்திலும் நேரம் தவறாத கடிகாரம் செய்து காட்டினார். கொடுக்க வேண்டியதுதானே? ஆனால் பரிசைத் தீர்மானிக்கிற போர்டு இன்னொன்று செய், பிரித்துக் காட்டு, மறுபடி சோதிக்கணும் என்று அப்ஜெக்‌ஷன் மேல் அப்ஜெக்‌ஷன் போட்டது. கடைசித் தொகை அவர் கைக்கு வந்தபோது வயது எண்பது. படிக்கிறவர்கள் எல்லாரும் ஹாரிசன் பக்கம் நிற்பார்கள். நீங்கள் போர்டு பக்கம் நிற்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

மூன்றாவதுதான் உங்களுக்கென்றே எழுதினது. ஜான் கீ எழுதிய 'தி கிரேட் ஆர்க்', இந்தியாவை அளந்த கதை. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் என்கிறவர் ஆரம்பித்த வேலை இமயமலை வரை போகிறது. கோணம் பார்க்கும் தியோடலைட் மட்டும் அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், அப்புறம் மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அத்தனைக்கும் தப்பித்து வந்த கருவி எங்கே அடிபட்டது தெரியுமா? நம்ம ஊரில்! தஞ்சாவூரில் ஏறிப் பார்க்க மலை ஏது, எங்கும் தென்னந்தோப்பு. அதனால் 1808-இல் பெரிய கோவில் மேலேயே ஏற்றப் பார்த்தார்கள். கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்ப்டன் வாரக்கணக்கில் கூடாரத்தில் அடைந்து கிடந்து, தட்டிக் கொட்டி நிமிர்த்தியிருக்கிறார்.

நாலாவதுக்கு இடமில்லை. பக்கத்து வீட்டம்மா அடுத்த வாரம் திருச்சி வருகிறார். அவர் பெட்டியில் எனக்கு ஒதுக்கிய இரண்டு கிலோவில் ஒரு கிலோவை அத்தை கேட்ட சாக்லேட் பிடித்துக்கொண்டது.

தியோடலைட் மோதிய அந்த அடி கோவிலில் எந்தப் பக்கம் விழுந்தது என்று கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள். விமானத்தில் தொப்பிக்காரன் சிலையைக் காட்டிக் கதை சொல்கிற வழிகாட்டிகளைக் கேட்டால் உடனே இடத்தைக் காட்டிவிடுவார்கள். ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்